வழிகாட்டியின் நான்கு வரிகள்

எங்கள் ஆட்டத்தில் ஒருவருக்கு ஏழு மாதம் நான் அநியாயம் செய்தேன். அது தெரியாமல் செய்தது. தெரிந்த பிறகு மூன்று நாள் அதை மறைக்கப் பார்த்தேன். அது தெரிந்தே செய்தது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடக் கூடாது என்பதற்காகத் தனித்தனியாகச் சொல்கிறேன்.

ஆட்டம் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கற்பனை நாட்டில் கற்பனை மனிதர்களாக நடந்துகொள்வது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேஷம் எடுப்பார்கள். எதிரே ஆறு ஓடுகிறது என்று நடத்துபவர் சொன்னால், அதை எப்படிக் கடப்பது என்று ஆடுபவர்கள் சொல்வார்கள். முடியுமா என்பது சந்தேகமாக இருந்தால் பகடை உருட்ட வேண்டும். இருபது முகம் கொண்ட பகடை. நடத்துபவர் சொன்ன எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் காரியம் நடக்கும். எப்போது உருட்ட வேண்டும், எந்த எண் விழ வேண்டும் என்பது முழுக்க நடத்துபவர் கையில். எங்கள் மேசையில் நடத்தியது நான்.

சேலத்தில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தபோது இதைக் கற்றேன். பக்கம் வடிவமைக்கும் ஒருவர் விடுமுறை நாட்களில் எங்கள் நான்கைந்து பேருக்கு ஆட்டம் நடத்துவார். வேலையை விட்டு ஏற்காட்டுக்கு வந்தபோது அவர் தன்னிடமிருந்த பழைய ஆங்கில விதிப்புத்தகத்தை எனக்குக் கொடுத்தார். இங்கே ஆட ஆள் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. கிடைத்தார்கள், மூன்று பேர்.

முதலாமவர் மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப் ஓட்டுபவர். ஞாயிறு மதியம் ஜீப்பை மச்சானிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். என்னைக் கண்டக்டரக்கா என்று கூப்பிடுவார். யாரை ஏற்றுவது, யாரை நடுவழியில் இறக்கிவிடுவது என்று நான்தான் முடிவு செய்கிறேனாம். இரண்டாமவர் தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்புவதும் செக்ரோலில் வருகை பதிவதும் அவர் பொறுப்பு. மூன்றாமவர் மாரமங்கலத்துப் பெண். சேலத்தில் கல்லூரி முடித்துவிட்டுத் திரும்பி வந்து, சொந்த நிலத்தில் காப்பியும் மிளகும் ராகியும் போடுகிறார். வாரத்தில் அவருக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு ஞாயிறு மதியம். அதை என் வீட்டு முன்னறைக்குக் கொடுத்தார்.

வேஷம் எடுக்கும்போது ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போர்வீரன், மந்திரவாதி, திருடன், வைத்தியர், வழிகாட்டி என்று ஐந்து. தொழிலைப் பொறுத்துத்தான் ஒருவரால் எது முடியும், எது முடியாது என்பது அமையும். ஓட்டுநர் யோசிக்காமல் போர்வீரன் என்றார். ரைட்டர் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு மந்திரவாதி எடுத்தார். மாரமங்கலத்துப் பெண் கடைசியாகச் சொன்னார், வழிகாட்டி என்று. காட்டிலும் மலையிலும் மற்றவர்களை முன்னால் நின்று கூட்டிப் போகிற ஆள்.

புத்தகம் ஆங்கிலத்தில் இருந்ததால் ஒவ்வொரு தொழிலையும் தமிழில் எழுதி, ஆளுக்கு ஒரு தாளாக அச்செடுத்துக் கொடுத்தேன். ஒரு தொழிலுக்கு ஒரு பக்கம்தான் என்பது நானே வைத்துக்கொண்ட அளவு. மேசையில் கையில் பிடித்துப் பார்க்க வசதி. மந்திரவாதிக்கு மட்டும் மந்திரங்களின் பட்டியல் தனியே மூன்று தாள் போனது. பட்டியலை வெட்ட முடியாது.

பிறகு ஏழு மாதம் ஆடினோம்.

மந்திரவாதிக்குப் பகடை அதிகம் தேவைப்படாது. மந்திரத்தின் பெயரைச் சொன்னால் நடந்துவிடும். ஒரு நாளைக்கு இத்தனை என்று மட்டும்தான் வரம்பு. போர்வீரனுக்குப் பகடை வேண்டும், ஆனால் அவன் பலத்துக்காக விழுந்த எண்ணோடு நிறையக் கூட்டிக்கொள்ளலாம். வழிகாட்டிக்குக் கூட்டிக்கொள்ள இரண்டுதான். காட்டில் திசை பார்க்க வேண்டுமா, உருட்டுங்கள் என்பேன். ஓடையைத் தேட வேண்டுமா, உருட்டுங்கள். பாதி தடவை தவறும். கூட்டமே சேற்றில் சுற்றும்.

"அம்மிணி, உன்ற வழிகாட்டிய லூப் ரோட்டுல உட்டா சேலத்துக்கே வழி கேப்பா போல," என்பார் ஓட்டுநர். லூப் ரோடு ஏற்காட்டைச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும்.

"கேட்டாத்தானுங்கண்ணா தெரியும். நீங்க கேக்காமயே போயித்தான் போன மாசம் ஜீப்ப ஓடையில உட்டீங்க," என்று அவர் திருப்பிக் கொடுப்பார்.

நான் குறிப்பு எடுப்பேன். பழக்கம். யார் என்ன சொன்னார், என்ன எண் விழுந்தது, என்ன ஆயிற்று என்று ஒவ்வொரு வாரமும் நோட்டில் இருக்கும். பின்னால் அந்த நோட்டைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. பகடை உருட்டச் சொன்னதில் பெரும்பாலானவை மாரமங்கலத்துப் பெண்ணுக்குச் சொன்னவை. எழுதியது நான்தான். ஆனால் ஒருநாளும் அதைத் திரும்ப வாசித்துப் பார்க்கவில்லை.

ஐப்பசியில் அந்த மலைமுகடு வந்தது. கதையில் ஒரு ஊரை நோய் பிடித்திருக்கிறது. மருந்துப் பெட்டியை மூவரும் கொண்டுபோக வேண்டும். நடுவில் ஒரு குறுகிய முகடு, இரண்டு பக்கமும் பள்ளம், முழுக்கப் பனிமூட்டம். பெட்டி வழிகாட்டியின் முதுகில். அவர்தான் முன்னால். முகட்டைக் கடக்க மூன்று தடவை உருட்ட வேண்டும் என்றேன். முதல் இரண்டும் தேறின. மூன்றாவதில் நான்கு விழுந்தது. வழிகாட்டி பள்ளத்தில் விழுந்தாள். பெட்டி ஒரு வேரில் மாட்டித் தொங்கியது. ரைட்டருடைய மந்திரவாதி ஒரு மந்திரத்தால் பெட்டியைத் தன் கைக்கு இழுத்துக்கொண்டான். ஆளை இழுக்க இன்னொரு மந்திரம் வேண்டும். அன்றைய வரம்பு முடிந்துவிட்டிருந்தது. அடுத்த வாரம் அவனும் போர்வீரனும் பகடை உருட்டியே வழி பார்த்து, முகட்டின் மறுபக்கம் இறங்கி, ஓநாய்களிடம் தப்பி ஊருக்குள் போனார்கள். ஊரே மந்திரவாதியின் காலில் விழுந்தது. மாரமங்கலத்துப் பெண் அந்த மூன்று மணி நேரமும் தன் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளத்தில் கிடக்கும் ஆள் பிழைப்பாளா என்பதற்கு அடுத்த ஞாயிறு உருட்டுவது என்று முடிவு.

எழும்போது ரைட்டர் நல்ல மனதோடுதான் சொன்னார். "உங்க வழிகாட்டி போனாப் போகட்டுமுங்க. புதுசா ஒரு மந்திரவாதி எடுத்துக்குங்க. ரெண்டு மந்திரவாதி இருந்தா நமக்கும் நல்லது."

"தொழில மாத்த மாட்டனுங்க," என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க அக்கா, வழி காட்டறதுக்கே வழிகாட்டி பகடை உருட்டோணும்னா, இவிங்க ரெண்டு பேருக்கும் எனக்கும் என்னுங்க வித்தியாசம்? பகடை இருந்தா ரைட்டருங்களே வழி காட்டலாமே."

விதி எல்லோருக்கும் ஒன்றுதான், நான் யார் பக்கமும் இல்லை என்றேன். பத்திரிகையில் கோபமாகத் தொலைபேசியில் பேசும் வாசகர்களுக்கு நான் பல வருடம் சொன்ன பதில் அது. சொல்லும்போதே வாய்க்குப் பழகிய சுகம் தெரிந்தது.

அவர் குரலை உயர்த்தவில்லை. "உங்கள ஒண்ணும் சொல்லலீங்க. அந்தப் புஸ்தகத்த ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க. காப்பிப் பழம் எடுக்கற சமயம் வருது. அடுத்த வாரமும் இப்பிடித்தான்னா, நான் வர்றதுல பிரயோசனம் இல்லீங்க."

அவர் சொன்னதைச் சரியாகவே புரிந்துகொண்டேன். மிரட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஞாயிறு ஒன்றுதான் இருக்கிறது, அதை எங்கே செலவிடுவது என்று முடிவெடுக்கப் போகிறார்.

திங்கட்கிழமை காலை புத்தகத்தை எடுத்தேன். வழிகாட்டியின் பகுதி ஒன்றரைப் பக்கம். என் தாளோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். கடைசிப் பத்தி என் தாளில் இல்லை. தமிழில் எழுதினால் நான்கு வரி வரும். விளையாடுபவர் ஏதாவது ஒரு நிலத்தை, மலையோ காடோ சதுப்போ, தன் நிலமாகத் தேர்ந்தெடுக்கலாம். அந்த நிலத்தில் வழிகாட்டி வழி தவறுவதில்லை, கால் தவறுவதில்லை. அதற்குப் பகடை கூடாது. அவள் பின்னால் வருகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

அவருடைய தொழிலே அந்த நான்கு வரிதான். மீதி எல்லாம் வில், கத்தி, செருப்பு.

எப்படி விடுபட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. செய்தியை அடியிலிருந்து வெட்டுவது என் தொழில். முக்கியமானது மேலே இருக்கும், போகப்போக முக்கியம் குறையும், இடம் போதாவிட்டால் கடைசிப் பத்தியை எடுத்துவிடலாம், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். செய்தி எழுதுகிறவருக்கும் அது தெரியும், அதனால் அப்படித்தான் எழுதுவார். விதிப்புத்தகம் எழுதியவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர் சில்லறையை முதலில் சொல்லிவிட்டு, பெரியதைக் கடைசிக்கு வைத்திருந்தார். நான் ஐந்து தொழிலையும் ஒரே கத்தியால் வெட்டியிருந்தேன். மற்றவற்றில் போனது சில்லறை. இதில் போனது உயிர்.

அன்றே மாரமங்கலத்துப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திங்கள், செவ்வாய், புதன்.

அந்த மூன்று நாளில் நான் செய்தது இது. வழிகாட்டியின் தாளை நான்கு வரி சேர்த்து மறுபடி அச்செடுத்தேன். மேலே 'புதிய சேர்க்கை' என்று தலைப்புப் போட்டேன். இனிமேல் இதுதான் விதி, ஆட்டத்தை மேம்படுத்தியிருக்கிறேன் என்று கொடுத்துவிடலாம். பள்ளத்தில் கிடப்பவளைக் காப்பாற்ற ஒரு துறவியை அந்த வழியாக வரவைக்கலாம். நாளிதழில் திருத்தம் போடுவது இப்படித்தான். உள்பக்கத்தில், சின்ன எழுத்தில், பழைய தவறு என்ன என்று சொல்லாமல், சரியானதை மட்டும். பிழை முதல் பக்கத்தில் வந்திருந்தாலும் திருத்தம் ஏழாம் பக்கத்தில்தான். நானே அப்படி எத்தனையோ போட்டிருக்கிறேன், அதை நேர்மை என்றும் நினைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை கடைவீதியில் ரைட்டரைப் பார்த்தேன். எஸ்டேட்டுக்குக் கவாத்துக் கத்தி வாங்க வந்திருந்தார். ஆட்டத்தைப் பற்றியே பேசினார். ஊர் மக்கள் தன் மந்திரவாதியைத் தலைவனாக ஏற்றுக்கொள்வார்களா, கோட்டை கட்ட எத்தனை மாதமாகும் என்று கேட்டார். அதற்காகத் தாளில் ஒரு கோட்டை கூட வரைந்து வைத்திருந்தார். நன்றாக வரைந்திருந்தார். மதில், கிணறு, காப்பி காயவைக்கக் களம். நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன். நான் சும்மா இருக்கிற ஒவ்வொரு நாளும் அந்த மதிலில் ஒரு வரிசைக் கல் ஏறுகிறது. கடைசியில் இடிக்க வேண்டி வந்தால் இவருக்கும் அது அநியாயமாகிவிடும்.

வீட்டுக்கு வந்து 'புதிய சேர்க்கை' தாளைக் கிழித்தேன். மாரமங்கலத்துப் பெண்ணைத் தனியாகத் தொலைபேசியில் கூப்பிடவும் இல்லை. பிழை மேசையில், மூவர் முன்னால் நடந்தது. அவர் தவறவிட்டபோதெல்லாம் மற்ற இருவரும் சிரித்திருந்தார்கள். நானும் சிரித்திருந்தேன். திருத்தமும் அதே மேசையில்தான் வர வேண்டும்.

ஞாயிறு இரண்டு மணிக்கு மூவரும் வந்தார்கள். மாரமங்கலத்துப் பெண் குடையைக் கதவருகே வைத்துவிட்டு, பகடையைத் தொடாமல் உட்கார்ந்தார். நான் விதிப்புத்தகத்தை மேசை நடுவில் திறந்து வைத்து, அந்தப் பத்தியை முதலில் ஆங்கிலத்தில் வாசித்தேன், பிறகு தமிழில். இது அவர் தாளில் இல்லை, காரணம் நான் வெட்டினேன், ஏழு மாதம் அவருக்கு உரியதை நான் கொடுக்கவில்லை என்றேன். திங்கட்கிழமையே கண்டுபிடித்துவிட்டேன், மறைக்கப் பார்த்தேன் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் மறுபடி அடியிலிருந்து வெட்டியதாகியிருக்கும்.

ஓட்டுநர் கையிலிருந்த பகடையை மேசையில் வைத்தார்.

மாரமங்கலத்துப் பெண் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். பிறகு தன் பழைய தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடைசி வரிக்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளை இருந்தது. நான்கு வரிக்கும் அங்கே இடமிருந்தது. அதை அதுவரை நான் கவனிக்கவில்லை.

"ஏனுங்க அக்கா, அடியிலயா வெட்டுனீங்க?"

ஆமாம் என்றேன். பத்திரிகையில் அப்படித்தான் செய்வோம் என்றேன்.

"மொளகுக் கொடிய அடியில வெட்டிப்போட்டு மேல காய் தேடுனா கெடைக்குமுங்களா? ஏழு மாசம் நான் தேடியிருக்கறன்."

என்ன செய்தால் சரியாகும் என்று கேட்டேன். துறவியை வரவைக்கலாம், மாய வில் ஒன்று கொடுக்கலாம், இனி ஒரு மாதம் எந்தப் பகடைக்கும் ஐந்து கூட்டிக்கொள்ளலாம் என்று அடுக்கினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார்.

"இனாம் வேண்டாமுங்க. மூணாவது பகடைய நீங்க கேட்ட எடத்துக்குத் திரும்பப் போலாம். அந்த முகட்டுல இருந்து ஆடலாம்."

அப்படியானால் பெட்டி திரும்ப அவர் முதுகுக்குப் போகும். மந்திரவாதி ஊருக்குள் போனதும், ஊர் காலில் விழுந்ததும் நடக்கவில்லை என்றாகும். ரைட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது எப்பிடிங்க? செக்ரோல சாயங்காலம் முடிச்சுக் கையெழுத்துப் போட்டா, மறுநா வந்து மாத்த முடியாதுங்க. தப்போ செரியோ, முடிஞ்சது முடிஞ்சதுதான். இனிமே புது விதிய வெச்சு ஆடுங்க, நான் வேண்டாம்னு சொல்லல."

"விடியறப்ப வேலைக்கு வந்து நின்னவங்க பேர எழுதாம உட்டுட்டு முடிச்சா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"வண்டி ஓட்றவரு செக்ரோல் பேசக் கூடாதுங்க."

"சரி, வண்டியே பேசறன். கண்டக்டரு டிக்கெட் குடுக்காம உட்டது கண்டக்டரு தப்பு. பாதி வழியில ஆள எறக்கி உட்டுப்போட்டு, ஊரு போயிச் சேந்தாச்சு, இனி திரும்ப முடியாதுன்னா நாயமுங்களா?"

ரைட்டர் விடவில்லை. அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் விதிப்படிதான் ஆடினார். நான் சொன்ன விதிப்படி. கோட்டைத் தாள் சட்டைப்பையில் மடித்து இருந்தது, எனக்குத் தெரியும். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். திரும்பிப் போவதா வேண்டாமா என்று பகடை உருட்டிப் பார்த்துவிடலாம். பத்துக்கு மேல் விழுந்தால் போகலாம்.

ஏழு மாதமும் இந்த இடத்தில் நான் சரி என்றிருப்பேன். பகடை யார் பக்கமும் சாயாது, அதனால் நானும் சாயவில்லை என்பதுதான் என் நம்பிக்கை. ஆனால் எதற்கு உருட்ட வேண்டும் என்று சொல்வது பகடை அல்ல. சொன்னது நான். ஒருவரிடம் திரும்பத் திரும்ப உருட்டச் சொல்லிவிட்டு, விழுந்த எண்ணைக் காட்டி என்னை நல்லவராக வைத்துக்கொண்டேன்.

"நான் செஞ்ச தப்புக்குப் பகடை உருட்ட மாட்டேன்," என்றேன். "முகட்டுக்குத் திரும்பறோம். அதுக்கப்புறம் நடந்தது எதுவும் நடக்கல. இது என் முடிவு. ரைட்டருக்கு இதுல நஷ்டம், அதுக்கும் நான்தான் காரணம்."

ரைட்டர் எழுந்து வாசல்வரை போனார். வெளியே பனி இறங்கிச் சாலையில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து உட்கார்ந்து, ஓட்டுநரிடம் ரப்பர் வாங்கி, தன் தாளில் 'மருந்துப் பெட்டி' என்ற வரியை அழித்தார். அழுத்தித்தான் அழித்தார், தாள் கொஞ்சம் கிழிந்தது.

எந்த நிலம் என்று கேட்டேன். "மலைதானுங்க, வேறென்ன," என்றார் மாரமங்கலத்துப் பெண்.

முகடு, பனிமூட்டம், இரண்டு பக்கமும் பள்ளம் என்று மறுபடி ஆரம்பித்தேன். வழிகாட்டி எப்படிக் கடக்கிறாள் என்று அவர் சொன்னார். கண்ணை நம்பவில்லை. காற்று இடது கன்னத்தில் படுகிறது, அது மாறக் கூடாது. புல் மேல் கால் வைத்தால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கம் வைக்கிறாள். பின்னால் வருகிறவர்கள் அவள் முந்தானையைப் பிடிக்கக் கூடாது, ஒரு கோலைப் பிடித்து வர வேண்டும். ஒருவர் வழுக்கினால் கோலை விட்டுவிடலாம். சொல்லிக்கொண்டே வந்தார். என் வாய் பழக்கத்தில் "உருட்டு..." என்று தொடங்கியது.

"அது எதுக்குங்கக்கா?"

நிறுத்திக்கொண்டேன். மூவரும் முகட்டின் மறுபக்கம் சேர்ந்தார்கள்.

மறுபக்கத்தில் நான் ஓநாய்களை வைத்திருந்தேன். அதை மாற்றவில்லை. அவருக்குச் சலுகை காட்டினால் அது வேறொரு அநியாயம், அதை அவர் கண்டுபிடித்தும்விடுவார். வழக்கமாக என் பகடையை ஒரு ஃபைலைச் சாய்த்து வைத்து அதற்குப் பின்னால் உருட்டுவேன். அந்த ஃபைலை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, மேசை நடுவில் உருட்டினேன். பதினெட்டு விழுந்தது. முதல் ஓநாய் வழிகாட்டியின் தொடையைக் கவ்வியது. அவர் வில்லெடுத்து உருட்டியதில் மூன்று. அம்பு எங்கோ போனது. காயம் ஆழம், இன்னொரு கடி தாங்க மாட்டாள்.

அவர் தாளில் காயத்தை எழுதினார். "இது செரிங்க," என்றார். ஏழு மாதத்தில் தோற்றபோது அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஓட்டுநரின் போர்வீரன் இரண்டை வெட்டினான். மூன்றாவது ஓடிவிட்டது. இன்னும் நிறைய வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இருட்டுவதற்குள் ஊர் சேர வேண்டும். ரைட்டர் கொஞ்ச நேரம் தன் மந்திரப் பட்டியலைப் பார்த்தார். அதில் பாதை காட்டுகிற மந்திரம் இல்லை.

"இப்ப எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டார். என்னை அல்ல, அவரை.

"ஓடைய ஒட்டிக் கீழ எறங்கறோமுங்க. நொண்டிக்கிட்டுத்தான் வருவேன், நீங்க முன்னால ஓடீராதீங்க. மந்திரத்த மிச்சம் புடிச்சு வைங்க, ரைட்டரண்ணா, ஊருக்குப் போறவரைக்கும் வேணும்."

ரைட்டர் தன் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

ஐந்தேகாலுக்கு நிறுத்தினோம். ஊர் இன்னும் வரவில்லை. ஓட்டுநர் குடையைக் கடன் கேட்டார், மாரமங்கலத்துப் பெண் தரவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, அடுத்த ஞாயிறு ஒன்றரைக்கே தொடங்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். பழம் எடுக்கிற வேலையைக் காலையிலேயே முடித்துவிட்டு, ஒரு மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவாராம்.